பேர் வெளிய வந்துடும்னு சொல்லி பிள்ளைங்க வாய மூடாதீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

எங்க வீட்டுல அப்பா காலத்துல இருந்து தமிழ்ப் பேப்பர் வாங்குறோம், ஆனா நான் கடிதம் எழுதுறது இதான் முதல் தடவ. எழுதலாமா வேணாமான்னு ரெண்டு மாசம் யோசிச்சேன், யாருக்காக எழுதுறேனோ அந்தப் பிள்ளையே "எழுதுங்க சித்தி"ன்னு சொன்னதுக்கு அப்புறம்தான் உக்காந்திருக்கேன், கொஞ்சம் நீளமா போனா மன்னிச்சுக்குங்க.

2025 பிப்ரவரில ஒரு வியாழக்கிழமை, ராத்திரி 11.30 இருக்கும், என் அக்கா மக போன் பண்ணா. அவளுக்கு 20 வயசு, இங்க சிங்கப்பூர்லதான் படிக்கிறா, படிக்கிற இடத்துலயே ஹாஸ்டல்ல தங்கியிருந்தா. போன எடுத்தா பேச்சே வரல, மூச்சு வாங்குற சத்தம் மட்டும் கேக்குது, அப்புறம் "சித்தி அம்மாகிட்ட சொல்லாதீங்க"ன்னு ஒரே ஒரு வரி. நான் ஈசூன்ல இருந்து கிராப் டாக்சி பிடிச்சு போய் பாத்தா கழுத்துல ரெண்டு பக்கமும் விரல் பதிஞ்சு சிவந்து கிடக்கு. ரெண்டு மாசத்துக்கு முன்னாடி இவ பேசாம விலகிட்ட பையன், அதே இடத்துல படிக்கிறவன், மாடிப்படி கதவு மூடாம இருக்க யாரோ ஒரு செருப்ப வச்சு அடைச்சிருந்தாங்களாம், அது வழியா ஏறி வந்து பேன்ட்ரி பக்கத்துல நின்னிருக்கான், உன் போன குடு பாக்கணும்னு கேட்டிருக்கான், இவ குடுக்கலன்னதும் ஒரு அறை, அப்புறம் கழுத்தப் பிடிச்சு சுவத்துல அழுத்தியிருக்கான். ரூம் மேட் ஒரு மலாய் பொண்ணு வெளிய வந்து கத்துனதுனாலதான் விட்டுட்டு ஓடியிருக்கான். அந்தப் பொண்ணுக்கு நான் என்னைக்கும் கடமப்பட்டிருக்கேன்.

அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போனேன், அவசர சிகிச்சைப் பிரிவுல டாக்டர் பாத்து எல்லாத்தையும் எழுதிக்கிட்டாங்க, நான் என் போன்ல கழுத்த நாலு கோணத்துல படம் எடுத்து வச்சேன். அந்த ராத்திரி நான் செஞ்சதுலயே உருப்படியான வேல அதுதான்னு பின்னாடிதான் புரிஞ்சுது, ஏன்னா மூணு நாள்ல அந்த செவப்பு மறைஞ்சே போச்சு.

இனி நான் சொல்லப் போறதுதான் இந்தக் கடிதத்துக்கு காரணம். மறுநாள் காலைல அக்காகிட்ட சொல்லாம இருக்க முடியல, சொன்னேன். அக்கா அழுதா, அழுது முடிச்சிட்டு அவ சொன்ன முதல் வார்த்த "போலீஸுக்கு மட்டும் போகாத, பேர் வெளிய வந்துடும், நாளைக்கு யார் கட்டிப்பா"ன்னு. எனக்கு கோவம் வந்துச்சு, ஆனா அவ பயத்துக்கும் காரணம் இருந்துச்சு. 2024 டிசம்பர் 23ம் தேதி சென்னைல அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்குள்ளயே ஒரு மாணவிக்கு நடந்த கொடும நம்ம எல்லாருக்கும் தெரியும். அந்தப் பிள்ள தைரியமா போலீஸ்ல புகார் குடுத்தா, அந்த எஃப்ஐஆரே வெளிய கசிஞ்சு அவள அடையாளம் காட்டுற விவரமெல்லாம் வாட்ஸ்அப்ல சுத்துச்சு. எங்க குடும்ப குரூப்லயே ஒரு ஆள் அனுப்புனார், நான்தான் அத டெலீட் பண்ணச் சொல்லி சண்ட போட்டேன். அக்கா மனசுல நின்னது அதுதான். "புகார் குடுத்தா அந்தப் பொண்ணு கதிதான்"னு சொன்னா.

அந்தக் கதையோட மிச்சத்த அக்கா கேள்விப்படவே இல்ல. மெட்ராஸ் ஹைகோர்ட் அந்தக் கசிவ சும்மா விடல, பெண் ஐபிஎஸ் அதிகாரிங்கள வச்சு தனி விசாரணைக் குழு போட்டு, அந்த மாணவிக்கு 25 லட்சம் ரூபா இடைக்கால நஷ்டஈடு குடுக்கச் சொல்லி அரசாங்கத்துக்கு உத்தரவு போட்டுச்சு. சம்பவம் நடந்து அஞ்சு மாசத்துல தீர்ப்பு வந்துச்சு, 2025 ஜூன்ல அந்த ஆளுக்கு ஆயுள் தண்டன, 30 வருஷத்துக்கு முன்னாடி வெளிய வரவே முடியாதுன்னு. கசிஞ்ச சேதி மட்டும் கடல் தாண்டி நம்ம போனுக்கு ஒரே நாள்ல வந்துச்சு, தீர்ப்ப யாரும் பார்வேர்ட் பண்ணல.

சிங்கப்பூர்ல பேர் விஷயத்துல சட்டம் என்ன சொல்லுதுன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது, நான் ஒரு கம்பெனில அக்கவுண்ட்ஸ் பாக்குறவ, வக்கீல் கிடையாது. சமூக மன்றத்துல நடக்குற இலவச சட்ட ஆலோசனைக்கு நம்பர் எடுத்து போய் உக்காந்து கேட்டு தெரிஞ்சுக்கிட்டேன். பாலியல் குற்றமா இருந்தா, போலீஸ்ல புகார் குடுத்த நிமிஷத்துல இருந்தே அந்தப் பெண்ணோட அடையாளத்த யாரும் வெளியிடக் கூடாது, 2018ல வந்த குற்றவியல் நீதி சீர்திருத்தச் சட்டத்துல இருந்து இது தானாவே வருது, தனியா மனு போட வேண்டியதில்ல. பேப்பர் மட்டும் இல்லாம பேஸ்புக்ல எழுதுற ஆளுக்கும் இது பொருந்தும், மீறினா அதுவே குற்றம். கோர்ட்ல சாட்சி சொல்லும்போது எதிராளி முகம் தெரியாம மறைப்பு வைக்கலாம், அவளோட பழைய வாழ்க்கையப் பத்தி எதிர்த்தரப்பு வக்கீல் இஷ்டத்துக்கு கேள்வி கேக்க முடியாது, கோர்ட் அனுமதி வேணும். ஆனா எங்க பிள்ளைக்கு நடந்த மாதிரி அறையிறது, கழுத்தப் பிடிக்கிறதுன்னு அடிதடி கேஸா இருந்தா இந்தப் பாதுகாப்பு தானா வராது, அரசுத் தரப்பு மூலமா கோர்ட்ட கேட்டு வாங்கலாம். இந்த வித்தியாசத்த நான் மறைக்க விரும்பல, ஏன்னா பாதி தெரிஞ்சு நம்பிப் போறதும் ஆபத்து.

ஹாஸ்டல் பக்கம் பேசுனவங்க கெட்டவங்கன்னு சொல்ல மாட்டேன், டீ வாங்கிக் குடுத்து தன்மையாத்தான் பேசுனாங்க, ஆனா பேச்சோட சாரம் "ஒழுங்கு நடவடிக்கைக் குழு இருக்கு, உள்ளயே பாத்துக்குவோம், ஒரு வாரம் யோசிச்சு முடிவு பண்ணுங்க"ங்கறதுதான். ஒரு வாரத்துல சிசிடிவி பதிவு இருக்குமா இல்லையான்னு கேட்டேன், பதில் சரியா வரல, அதனால அங்கயே உக்காந்து அந்த ராத்திரி பதிவ அழிக்காம வைக்கணும்னு இமெயில் அனுப்பிட்டுத்தான் எழுந்தேன். கல்வி நிலையத்தோட ஒழுங்கு விசாரணையும் சட்டமும் வேற வேற. அவங்களால ஒரு பையன சஸ்பெண்ட் பண்ண முடியும், நீக்க முடியும், ஹாஸ்டல விட்டு அனுப்ப முடியும், ஜெயிலுக்கு அனுப்ப முடியாது, உங்க பிள்ளைக்கு ஒரு வெள்ளி நஷ்டஈடு வாங்கித் தர முடியாது, வெளிய எம்ஆர்டி ஸ்டேஷன்ல அவன் காத்து நின்னா தடுக்க முடியாது. ரெண்டையும் ஒரே நேரத்துல நடத்தலாம், ஒண்ணுக்காக இன்னொண்ண நிறுத்தணும்னு எந்தச் சட்டமும் சொல்லல.

கல்வி நிலையங்களும் மாறியிருக்கு, அதையும் சொல்லணும். 2018 நவம்பர்ல என்யூஎஸ்னு சொல்ற சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தோட யூசோஃப் ஹால் ஹாஸ்டல்ல ஒரு மாணவி குளிக்கும்போது படம் எடுத்த கேஸ்ல அந்தப் பையனுக்கு போலீஸ் 12 மாச நிபந்தனை எச்சரிக்கை மட்டும் குடுத்துச்சு, பல்கலைக்கழகம் ஒரு செமஸ்டர் சஸ்பெண்ட் பண்ணுச்சு, அந்தப் பொண்ணு 2019 ஏப்ரல்ல தன் பேரோட வெளிய வந்து கேள்வி கேட்டா. அவ கேட்டதுக்கு அப்புறம்தான் மறுஆய்வுக் குழு வந்துச்சு, கடுமையான குற்றத்துக்கு குறைஞ்சது ஒரு வருஷம் சஸ்பென்ஷன், ரொம்ப மோசமானதுக்கு உடனே நீக்கம்னு விதி மாறுச்சு, பாதிக்கப்பட்டவங்கள கவனிக்க தனிப் பிரிவு வந்துச்சு. அந்த வருஷம் மே மாசம் நாடாளுமன்றத்துல சொன்ன கணக்குப்படி அதுக்கு முந்தின மூணு கல்வியாண்டுல ஆறு பல்கலைக்கழகத்துலயும் சேர்த்து மாணவர்கள் பாலியல் அத்துமீறல்ல ஈடுபட்ட ஒழுங்கு வழக்கு 56. அது சொல்ல வந்தவங்க கணக்கு மட்டும்தான். எங்க அக்கா மாதிரி அம்மாக்கள் இருக்குற வீட்டுல இருந்து எத்தனை வந்திருக்கும்னு நெனச்சா மனசு கனக்குது. ஒளிஞ்சிருந்து படம் எடுக்குறதுக்குன்னே தனிக் குற்றப்பிரிவு 2020 ஜனவரி 1ல இருந்து இருக்கு, ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அபராதம், பிரம்படி வரைக்கும் போகலாம்.

நாங்க மூணாம் நாள் போலீஸுக்குப் போனோம். அக்காவ நான் ஜெயிக்கல, பிள்ளதான் ஜெயிச்சா, "அம்மா எனக்கு கல்யாணம் ஆகாட்டி பரவால்ல, நான் லிப்ட்ல தனியா ஏறணும்"னு சொன்னா. அக்கா அப்புறம் எதுவும் பேசல, அடையாள அட்டைய எடுத்து பையில வச்சுக்கிட்டு எங்க கூடவே வந்தா.

ஸ்டேஷன்ல எனக்குப் புதுசா தெரிஞ்ச விஷயம், ஒருத்தர அடிச்சு காயப்படுத்துறது, அதாவது தண்டனைச் சட்டம் 323வது பிரிவு, போலீஸ் பிடிவாரண்ட் இல்லாம உடனே கைது பண்ற வகைக் குற்றம் கிடையாது. நிறைய பேர் இந்த இடத்துல "போலீஸ் ஒண்ணும் பண்ண மாட்டாங்களாம்"னு திரும்பி வந்துடுறாங்க. அப்படி இல்ல, புகார் பதிவாகும், அது தவிர நாமளே ஸ்டேட் கோர்ட்ல மாஜிஸ்திரேட் கம்ப்ளெயிண்ட் குடுக்கலாம், மாஜிஸ்திரேட் நம்ம கிட்ட விசாரிச்சிட்டு போலீஸ விசாரிக்கச் சொல்லி உத்தரவு போடலாம். 323க்கு 2020ல இருந்து மூணு வருஷம் வரைக்கும் ஜெயில் போடலாம், 5,000 வெள்ளி வரைக்கும் அபராதமும் போடலாம். காதலன், முன்னாள் காதலன் மாதிரி நெருங்கின உறவ வச்சு செஞ்ச குற்றம்னா சில சூழ்நிலைல அந்த உச்ச தண்டனைய கோர்ட் ரெண்டு மடங்கு வரைக்கும் கூட்டவும் சட்டத்துல இடம் இருக்கு. எங்க கேஸ்ல அந்தப் பையன் அடிச்சதோட நிக்காம "புகார் குடுத்தா நம்ம போட்டோவ எல்லாருக்கும் அனுப்புவேன்"னு மெசேஜ் போட்டிருந்தான், பிள்ள அசிங்கமா இருக்குன்னு அத அழிக்கப் போனா, நான் கையப் பிடிச்சு தடுத்தேன். அந்தரங்கப் படத்த அனுப்புறது மட்டும் இல்ல, அனுப்புவேன்னு மிரட்டுறதே அஞ்சு வருஷம் வரைக்கும் ஜெயில் கிடைக்கக் கூடிய குற்றம். அதனால உங்க வீட்டுப் பிள்ளைங்க கிட்ட சொல்லி வைங்க, எவ்வளவு அருவருப்பா இருந்தாலும் மெசேஜ அழிக்காதீங்க, ஸ்கிரீன்ஷாட் எடுங்க, அன்னைக்குப் போட்டிருந்த துணிய துவைக்காம ஒரு பையில போட்டு வைங்க. போலீஸ் விசாரணை எந்த நிலைல இருக்குங்கறத நான் இங்க எழுதக் கூடாது, எழுதவும் மாட்டேன்.

பிள்ளைக்கு ராத்திரி தூக்கம் வந்தது பாதுகாப்பு உத்தரவு கைக்கு வந்ததுக்கு அப்புறம்தான். கல்யாணம் ஆனவங்களுக்கு குடும்ப நீதிமன்றத்துல தனிநபர் பாதுகாப்பு உத்தரவு இருக்குன்னு நம்மள்ல பல பேருக்குத் தெரியும், காதலிச்சவங்களுக்கு அது பொருந்தாது, அதனால ஒண்ணுமே இல்லன்னு நெனச்சுக்கிறாங்க. 2014ல வந்த தொல்லையிலிருந்து பாதுகாப்புச் சட்டம் இருக்கு, அதுக்குன்னே தனி கோர்ட் 2021 ஜூன் 1ல இருந்து நடக்குது. வக்கீல் வைக்கணும்னு கட்டாயம் இல்ல, சிங்பாஸ்ங்கற அரசாங்க மின்னடையாளக் கணக்க வச்சு கோர்ட்டோட இணையதளத்துல வீட்டுல இருந்தே மனு போடலாம், நானும் அவளும் சாப்பாட்டு மேசைல லேப்டாப் வச்சு ஒரு ஞாயித்துக்கிழம முழுக்க உக்காந்து போட்டோம். அவசரம்னா இடைக்கால உத்தரவு கேக்கலாம், ரெண்டு மூணு நாள்ல விசாரணைக்கு எடுக்குறதுதான் நோக்கம், வன்முறை ஆபத்து இருந்தா 24 மணி நேரத்துக்குள்ள. உத்தரவ மீறி கிட்ட வந்தாலோ மெசேஜ் போட்டாலோ 5,000 வெள்ளி வரைக்கும் அபராதம், ஆறு மாசம் வரைக்கும் ஜெயில். அந்தப் பேப்பரோட ஒரு காப்பிய கல்வி நிலையத்துல குடுத்தோம், அதுவரைக்கும் "பாக்குறோம்"னு சொன்னவங்க அந்த வாரமே அவனோட வகுப்புக் குழுவ மாத்தி அவனோட நுழைவு அட்டை அந்த பிளாக்ல வேல செய்யாம பண்ணாங்க.

பையன் வீட்டுல இருந்து அவன் பெரியம்மா ஒருத்தங்க பழத்தட்டோட அக்கா வீட்டுக்கு வந்தாங்க. நம்ம ஆளுங்கதான், கோவில்ல பாத்து பழக்கம். "நல்லா படிக்கிற பையன், ஸ்காலர்ஷிப் இருக்கு, ஒரு தப்புக்கு வாழ்க்கைய அழிச்சிடாதீங்கம்மா"ன்னு அழுதாங்க, அவங்க அழுகையும் நெசம்தான், எனக்கும் ரெண்டு பசங்க இருக்காங்க. ஆனா நல்லா படிக்கிறவன்ங்கற வாதத்த இந்த ஊரு கோர்ட்டே ஒரு வழி பண்ணிடுச்சு. எம்ஆர்டில ஒரு பெண்ண தவறா தொட்ட பல்கலை மாணவனுக்கு 2019ல கீழ்க்கோர்ட் ஜெயில் இல்லாம ப்ரொபேஷன், அதாவது நன்னடத்தைக் கண்காணிப்பு, குடுத்தப்ப மக்கள் கொதிச்சாங்க, 2020ல ஹைகோர்ட்ல தலைமை நீதிபதி சுந்தரேஷ் மேனன் அத மாத்தி ரெண்டு வாரம் ஜெயில் போட்டார், படிப்புல நல்ல மார்க் வாங்குறத வச்சு மட்டும் ஒருத்தன் திருந்திடுவான்னு முடிவு பண்ண முடியாதுங்கற அர்த்தத்துல. அதே 2020ல பழைய காதலி வீட்டுக்குப் போயி கழுத்த நெரிச்ச இன்னொரு பல்கலை மாணவனுக்கு 12 நாள் குறுகிய காவலும், அஞ்சு மாசம் கண்காணிப்பு மையத்துக்கு வந்து ஆஜராகுற உத்தரவும், 80 மணி நேர சமூக சேவையும்தான் கிடைச்சுது, அதுக்கு எழுந்த எதிர்ப்புலதான் அரசாங்கம் இந்த மாதிரி வழக்குல தண்டனை முறைய மறுபரிசீலனை பண்ணுச்சு. இத நான் அந்தப் பெரியம்மாகிட்ட சொல்லல, அவங்க வயசுக்கு மரியாத குடுத்து தண்ணி குடுத்து அனுப்பிட்டோம், பழத்தட்ட மட்டும் அக்கா திருப்பிக் குடுத்துட்டா.

காசு விஷயம் பேச நமக்கு கூச்சம், பேசித்தான் ஆகணும். ஆஸ்பத்திரி செலவு, மனநல ஆலோசனை, ஹாஸ்டல மாத்துனது எல்லாத்துக்கும் ரசீது வைங்க. குற்றவாளின்னு தீர்ப்பு வந்தா பாதிக்கப்பட்டவங்களுக்கு நஷ்டஈடு குடுக்கச் சொல்லலாமான்னு கோர்ட் கட்டாயம் யோசிக்கணும், காயம் பட்டிருந்தும் குடுக்கலன்னா ஏன்னு காரணம் சொல்லணும். அது போதலன்னா தனியா சிவில் வழக்கு போடலாம், தொல்லைக்கும் அதே 2014 சட்டத்துல நஷ்டஈடு கேக்கலாம். ஆனா சிவில் வழக்குக்கு கால வரம்பு இருக்கு, அதனால வக்கீல சீக்கிரம் பாருங்க. குற்ற வழக்குக்கு அந்த மாதிரி காலக்கெடு இங்க கிடையாது. பத்து வருஷம் முன்னாடி நடந்ததுக்கும் இப்ப புகார் குடுக்கலாம், இத படிக்கிற யாராவது ஒரு அம்மாவோ அக்காவோ மனசுக்குள்ள வச்சிருந்தா அவங்களுக்காக எழுதுறேன்.

அந்த மாடிப்படி கதவு என் மனச விட்டுப் போகவே மாட்டேங்குது. அமெரிக்காவுல 1986ல லீஹை பல்கலைக்கழகத்துல ஜீன் கிளெரின்னு 19 வயசுப் பொண்ணு ஹாஸ்டல் ரூமுக்குள்ளயே கொல்லப்பட்டா, கொன்னவன் அதே இடத்துல படிச்ச மாணவன், தானா மூடிக்க வேண்டிய கதவுகள யாரோ அடைச்சு திறந்து வச்சிருந்ததுனால உள்ள நுழைஞ்சான். அவ அப்பா அம்மா சும்மா இருக்கல, போராடி 1990ல ஒரு சட்டமே கொண்டு வர வச்சாங்க, அரசாங்கப் பணம் வாங்குற ஒவ்வொரு கல்லூரியும் வளாகத்துல நடந்த குற்றக் கணக்க வருஷா வருஷம் வெளியிடணும்னு. பிள்ளைய சேக்குறதுக்கு முன்னாடி பெத்தவங்க பாத்துக்கலாம். இங்க பல்கலைக்கழகம், பலதுறைத் தொழிற்கல்லூரி, ஐடிஇன்னு சொல்ற தொழில்நுட்பக் கல்விக் கழகம் எல்லாத்துக்கும் அப்படி ஒரே மாதிரி ஒரு கட்டாயச் சட்டம் வரணும்னு நான் கேட்டுக்கிறேன், பேர் இல்லாம எண்ணிக்கை மட்டும் போதும், எத்தன புகார், எத்தன போலீஸுக்குப் போச்சு, என்ன நடவடிக்கை.

உங்ககிட்ட நான் கேக்குறது அத விட சின்னது. இந்த விவரமெல்லாம் இங்கிலீஷ்ல எங்கெங்கயோ இருக்கு, எங்க அக்கா மாதிரி தமிழ் மட்டும் படிக்கிற அம்மாக்கள் கையில இல்ல. 24 மணி நேரமும் எடுக்குற தேசிய வன்முறை எதிர்ப்பு, பாலியல் தொல்லை உதவி எண் 1800-777-0000, உடனடி ஆபத்துன்னா 999, பாலியல் வன்முறைக்கு அவேர்ங்கற பெண்கள் அமைப்போட உதவி மையம், குடும்பத்துக்கு இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா, இலவச சட்ட ஆலோசனைக்கு ப்ரோ போனோ எஸ்ஜி, இதையும் மேல சொன்ன கோர்ட் வழிகளையும் ஒரு வக்கீல் கிட்ட சரி பாத்து, ஒவ்வொரு ஆகஸ்ட்லயும் பிள்ளைங்க ஹாஸ்டலுக்குப் போற நேரத்துல, நல்ல தமிழ்ல அரைப் பக்கம் போடுங்க. வெட்டி பிரிட்ஜ்ல ஒட்டி வைக்கிற மாதிரி போடுங்க. அக்கா இப்ப அவ மக அடிச்ச ஒரு பேப்பர ஒட்டி வச்சிருக்கா, பக்கத்து வீட்டு கமலா அக்காவுக்கும் ஒரு காப்பி வேணும்னு கேட்டு வாங்கிட்டுப் போனா.

என் பேரப் போட்டா பிள்ள யாருன்னு தெரிஞ்சுடும், அதனால என் பேர் வேணாம். அவ இப்ப மூணாவது வருஷம் ஆரம்பிச்சிருக்கா, ஹாஸ்டல் வேற பிளாக், ரூம் மேட் அதே மலாய் பொண்ணுதான்.

இப்படிக்கு,
ஒரு சித்தி, ஈசூன்